குதிரைத் தோல்: முன்பக்கம் ஒரு கணக்கு, பின்பக்கம் ஒரு கணக்கு

நான் பதனிட்ட முதல் குதிரைத் தோல் இரண்டு மாதம் பட்டைச் சாற்றில் கிடந்தது. வெளியே எடுத்தபோது இரு பக்கமும் ஒரே சீரான செம்பழுப்பு. தோள் பகுதியின் ஓரத்தைச் சீவிப் பார்த்தேன். உள்ளே முழுவதும் நிறம் இறங்கியிருந்தது. அந்தத் திருப்தியோடு எண்ணெய் பூசி நிழலில் உலர்த்தினேன். பத்து நாள் கழித்து வால் பக்கத்துத் தோலை மடக்கியபோது சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்டது. வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவே, கொம்பு போல இறுகி, மங்கலான மஞ்சளில் ஒரு பட்டை. பட்டைச் சாற்றின் துவர் எட்டாத பச்சைத் தோல் அப்படியே காய்ந்துபோயிருந்தது. சேணத்தின் வயிற்றுவாருக்கென்று நான் ஒதுக்கியிருந்த பகுதி அதுதான்.

நான் சேணம் தைப்பவன். வாருக்கு ஏற்ற தோல் விலைக்குக் கிடைப்பது அரிதானபோது நானே பதனிடக் கற்றுக்கொண்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் அந்த ஒடிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாட்டுத் தோலுக்கு உரிய கணக்கை இதற்குப் போட்டிருக்கிறாய், தம்பி" என்றார். மாட்டுத் தோலிலும் இடத்துக்கு இடம் தடிமன் மாறும். குதிரையிலோ மாறுவது தடிமன் மட்டுமில்லை, தோலின் கட்டமைப்பே மாறிவிடுகிறது. கழுத்து, தோள், விலாப் பகுதிகளில் நார்கள் தளர்வாகப் பின்னியிருக்கும். அங்கே தோல் மெல்லியது, வளைந்துகொடுப்பது. பிட்டத்தில், முதுகுக் கோட்டின் இரு பக்கமும், தோலின் உள்ளே நார்கள் மிக நெருக்கமாக அடுக்கிய ஒரு படலம் இருக்கிறது. தொழிலில் அதற்கு ஷெல் என்று பெயர். தண்ணீரும் துவரும் அதற்குள் புகப் படாதபாடு படும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த வேறுபாடு குறுக்கே வரும்.

தோல் எங்கிருந்து வருகிறது

தோலுக்காக யாரும் குதிரை வளர்ப்பதில்லை. பிரான்ஸ், இத்தாலி, கஜகஸ்தான், ஜப்பான் போன்று குதிரை இறைச்சி உண்ணும் நாடுகளில் இறைச்சிக்கூடங்களின் உபபொருளாகவே பெரும்பாலான தோல்கள் சந்தைக்கு வருகின்றன. அமெரிக்காவில் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. அங்குள்ள பதனிடுவோர் வெளிநாட்டுத் தோலை நம்பியிருக்கிறார்கள். முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வது, தோல் வியாபாரியிடம் உப்பிட்ட தோலாக வாங்குங்கள் என்பதுதான். விலங்கு மருத்துவர் சோதித்த குதிரையின் தோல் அது என்பதற்கான தாளையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வழி, முதுமையாலோ கால் முறிவாலோ முடிவுக்கு வந்த குதிரையின் தோலை அதன் சொந்தக்காரரிடமிருந்தே பெறுவது. எனக்கு வந்த தோல்களில் பாதி இப்படி வந்தவை. இருபது ஆண்டுகள் உடனிருந்த குதிரையை இழந்தவரிடம் தோலைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் பார்க்க வேண்டும். நானாகப் போய்க் கேட்பதில்லை. மருத்துவர் மூலம் சொல்லி வைத்திருக்கிறேன், விரும்புகிறவர்கள் அழைக்கிறார்கள். அந்தத் தோலிலிருந்து ஒரு வாரோ சிறு பையோ செய்து அவர்களிடமே கொடுத்துவிடுவேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடியும் குதிரையின் மேல் கத்தியை வைக்கவே கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோல் வழியாக மனிதருக்குத் தொற்றும், கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். மூக்கில் சீழும் தோலில் புண்களுமாக இறந்த குதிரைக்கு கிளாண்டர்ஸ் நோய் இருந்திருக்கலாம், அதையும் தொடக்கூடாது. சாவின் காரணம் தெரியாத தோல் எனக்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். இரண்டாவது, பென்டோபார்பிட்டல் ஊசியால் கருணைக்கொலை செய்யப்பட்ட குதிரை. கையுறை போட்டுக்கொண்டு தோலை எடுக்கலாம். ஆனால் சீவிய சதையும் கொழுப்பும் நாய்க்கோ பறவைக்கோ எட்டக்கூடாது. அந்த மருந்து சதையில் தங்கியிருந்து தின்ற விலங்கைக் கொல்லும். உடலையும் கழிவையும் அப்புறப்படுத்தும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். குதிரையை வெட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பிட்ட தோலை வாங்கும்போது முதலில் வயிற்றுப் பக்கத்தில் ஒரு கொத்து மயிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. சதைப்பக்கத்தில் சிவப்பாகவோ ஊதாவாகவோ திட்டுகள் இருந்தால் உப்பைத் தாங்கி வளரும் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. அம்மோனியா வாடை அடித்தால் வாங்காதீர்கள். அடுத்து உள்ளங்கையைச் சதைப்பக்கத்தில் தடவிக்கொண்டே போங்கள். உரித்தவரின் கத்தி இறங்கிய கீறல்கள் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். சேணம் உராய்ந்த தழும்பும் முள்கம்பிக் கிழிசலும் முன்பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டிக்கொள்ளலாம். பிட்டத்தில் ஆழமான கீறல் இருந்தால் ஷெல் கெட்டிருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வண்டி இழுத்த கனமான குதிரையின் பிட்டமே நல்ல ஷெல் தரும். ஒட்டி மெலிந்த குதிரையில் அது காகிதமாக இருக்கும்.

உரித்தலும் உப்பும்

நீங்களே உரிப்பதானால் தாடை முதல் ஆசனவாய் வரை அடிவயிற்றின் நடுவே ஒரு கோடு, கால்களின் உட்புறமாக நான்கு கோடுகள். அதற்கு மேல் கத்தியை முடிந்தவரை மறந்துவிடுங்கள். சூடு ஆறாத உடலில் கைவிரல்களை முட்டியாக மடக்கித் தோலுக்கும் சதைக்கும் இடையே அழுத்தினாலே பெரும்பகுதி பிரிந்து வரும். பிட்டத்தில் மட்டும் தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். அங்கே வளைந்த முனையுள்ள கத்தியைச் சதைப் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். தோலில் கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டு வந்தாலும் கவலையில்லை. பின்னால் சீவிவிடலாம், கீறலை ஒட்ட முடியாது.

உரித்த தோலின் உடற்சூடு ஆறியதும் உப்பு. வெயில் காலமென்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தோலின் எடையில் பாதி எடை உப்பு: 20 கிலோ தோலுக்கு 10 கிலோ. சாய்வான தரையில் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஓரமும் மடிப்பும் விடாமல் தேய்த்து, நீர் வடிய விடுங்கள். இரண்டு நாள் கழித்து ஈரமான உப்பைத் தட்டிவிட்டுப் புது உப்பு. பழைய உப்பை இன்னொரு தோலுக்குப் பயன்படுத்தவே கூடாது. மேலே சொன்ன சிவப்புத் திட்டு அதிலிருந்துதான் வருகிறது. உப்பிட்டு மடித்த தோல் குளிர்ந்த இடத்தில் பல மாதம் தாங்கும்.

ஊறவைத்தல், இரண்டாக வெட்டுதல், சுண்ணாம்பு

குளிர்ந்த நீரில் ஒன்றிரண்டு நாள், நீரை மூன்று நான்கு முறை மாற்றி ஊறவிடுங்கள். உரித்த அன்று இருந்ததைப் போலத் துவண்டு விழ வேண்டும். பிட்டம் இன்னும் அட்டை போல நின்றால் மேலும் ஒரு நாள். இரும்பு கலந்த நீர் கூடாது.

இப்போது வெட்டுங்கள். வாலின் அடியிலிருந்து முதுகுக் கோட்டில் முன்னோக்கி ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் அளந்து, அங்கே குறுக்காக நேர்கோட்டில் வெட்டுவது என் வழக்கம். முன்பக்கம் தனித் தொட்டி, பிட்டம் தனித் தொட்டி. எழுதி ஒட்டிவிடுங்கள், இதன்பின் இரண்டுக்கும் நாள்கணக்கு வேறு.

மயிர் நீக்க நான் பயன்படுத்துவது நீர்த்த சுண்ணாம்பு மட்டும். 20 கிலோ தோலுக்கு 2 கிலோ சுண்ணாம்பு, 60 முதல் 80 லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் பீப்பாய். அடியில் படியும் சுண்ணாம்பை ஒரு நாளுக்கு மூன்று முறை கலக்கிவிட வேண்டும். கண்ணாடியும் நீண்ட கையுறையும் இல்லாமல் பீப்பாயின் பக்கம் போகாதீர்கள். இதன் காரத்தன்மை pH அளவில் 12-க்கு மேல், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சோடியம் சல்பைடு சேர்த்தால் ஓரிரு நாளில் வேலை முடியும் என்று சொல்வார்கள். அதில் துளி அமிலம் கலந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும்; மூடிய இடத்தில் சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். தொழிற்சாலையில் அதற்குக் காற்றோட்டமும் கண்காணிப்பும் உண்டு, வீட்டுக் கொட்டகையில் இல்லை.

முன்பக்கத்தை ஐந்தாம் நாள் பாருங்கள். கட்டைவிரலால் தள்ளினால் மயிர் நழுவ வேண்டும். நழுவியதும் எடுத்துவிடுங்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். தளர்ந்த நார் சுண்ணாம்பில் மேலும் தளரும். அப்படிப்பட்ட விலாத் தோல் பின்னால் பஞ்சடைத்த துணி போல மேலுறை தனியாகவும் உள் தனியாகவும் நிற்கும். பிட்டம் ஒன்பது பத்து நாள் கிடக்கலாம். அந்தக் காரம் நெருக்கமான நாரை விலக்கிவிட்டால்தான் பிறகு துவர் நுழைய வழி கிடைக்கும்.

இதற்குப் பிறகு சாய்த்து வைத்த வழுவழுப்பான மரத்தூண் மேல் போட்டு, மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளி, திருப்பிப் போட்டு, இரு கைப்பிடியுள்ள கூரிய வளைகத்தியால் சதையையும் சவ்வையும் சீவ வேண்டும். முன்பக்கத்தில் கத்தி ஈரத் துணிமேல் போவது போல இழுபடும். மெதுவாகப் போங்கள், இல்லையென்றால் ஓட்டை விழும். பிட்டத்துக்கு வந்ததும் சத்தமே மாறிவிடும். கத்தி வழுக்கிக்கொண்டு, நகத்தால் பலகையைச் சுரண்டுவது போல மெல்லிய சரசரப்பு கேட்கும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் அழுந்தும் தோல் இங்கே அழுந்தாது. அதன் எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடலாம், முதுகுக் கோட்டின் இரு பக்கமும் நீள்வட்டமாக ஒன்றொன்று. நான் முதன்முதலில் அதை உணர்ந்த அன்று வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். பலமுறை கழுவிய பின், தோல் எடையில் 2 முதல் 3 சதவீதம் அம்மோனியம் சல்பேட் கரைத்த நீரில் கிளறுங்கள். அம்மோனியா கிளம்பும், திறந்த வெளியில் செய்யுங்கள். ரசாயனம் வேண்டாமென்றால் கோதுமைத் தவிடு கலந்த வெதுவெதுப்பான நீர் புளித்துச் சுண்ணாம்பைக் கரைக்கும், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். குமிழி வந்து தோல் மிதக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். முடிந்ததா என்று அறிய, பிட்டத்தின் தடித்த ஓரத்தில் ஒரு கீற்றை வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டு பினாப்தலீன் (காரத்தை நிறத்தால் காட்டும் சோதனைத் திரவம்) விடுங்கள். ரோஜா நிறம் வந்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. முன்பக்கத்தில் அந்த நிறம் ஓரிரு மணி நேரத்தில் மறையும். பிட்டத்துக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். சுண்ணாம்பு நீரை ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள்; தெளியவிட்டு, உங்கள் இடத்து விதிப்படி அகற்றுங்கள்.

துவர்

ஓக், வாட்டில் (ஒருவகை வேலமரம்), கருவேலம்பட்டை, கடுக்காய், செஸ்ட்நட் மரம் என எதிலெல்லாம் நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு இருக்கிறதோ அதிலெல்லாம் டானின் இருக்கிறது. வாயில் அந்தச் சுருக்கத்தை உண்டாக்குவது எதுவோ அதுவே தோலின் புரதத்தையும் பிடித்துக் கட்டுகிறது. ஓக் பட்டையில் டானின் சுமார் பத்தில் ஒரு பங்குதான், ஆகவே தோலின் எடையைப் போலப் பல மடங்கு பட்டை வேண்டும். வாட்டில் பட்டையின் காய்ந்த சாற்றுப்பொடி வாங்கினால் சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலின் எடையில் கால் பங்கு போதும். நான் வாட்டில் பொடியோடு கொஞ்சம் கடுக்காய் சேர்க்கிறேன். வாட்டில் தனியாகத் தரும் சிவப்பை அது தணித்து மஞ்சள் பழுப்பாக்குகிறது.

தொட்டி, வாளி, கிளறும் கோல், தோலைத் தொங்கவிடும் கம்பி எதிலும் இரும்பு கூடாது. ஒரு துருப்பிடித்த ஆணி போதும், டானினோடு சேர்ந்து தோலில் மைக்கறுப்புக் கறை உண்டாக்கும். என் இரண்டாவது தோலில் தொங்கவிட்ட கொக்கியின் வடிவம் அப்படியே கறுப்பாக அச்சாகிவிட்டது, அது போகவே இல்லை.

அவசரப்பட்டுக் கெட்டியான சாற்றில் போட்டால் வெளிப்புறம் உடனே பதப்பட்டு இறுகி, உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். என் முதல் தோலின் பிட்டம் அப்படித்தான் கெட்டது. முதலில் தேநீர் நிறத்து நீர்த்த சாறு. பார்க்கோமீட்டர் இருந்தால் 10 முதல் 15 பாகை. அது தண்ணீரைவிடச் சாறு எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் மிதவை, 1.010 அடர்த்தி என்றால் 10 பாகை. முதல் மூன்று நாள் அடிக்கடி கிளறுங்கள், இல்லையென்றால் மடிப்புகளில் திட்டு விழும். பிறகு வாரம் ஒருமுறை கொஞ்சம் கெட்டியாக்கி, முன்பக்கத்தை 30 பாகை வரைக்கும் பிட்டத்தை 50, 60 வரைக்கும் கொண்டு போகலாம். மேலே வெண்பூஞ்சை படர்ந்தால் வழித்து எறிந்துவிட்டுக் கிளறுங்கள்.

எப்போது முடிந்தது என்பதை நாள் சொல்லாது, வெட்டுவாய்தான் சொல்லும். வாரந்தோறும் மிகத் தடித்த இடத்தில் நூலளவு கீற்றை வெட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். இரு பழுப்புக் கரைகளுக்கு நடுவே வெளிறிய கோடு தெரியும். முதல் வாரம் அது அகலமாக இருக்கும், பிறகு மெலிந்துகொண்டே வரும். முற்றிலும் மறைந்த பிறகும் ஒரு வாரம் விட்டு வையுங்கள். கொதிநீரில் போட்டுச் சோதிக்கச் சொல்பவர்கள் குரோமியத்தில் பதனிட்ட தோலை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். பட்டையில் பதனிட்ட நல்ல தோலும் கொதிநீரில் சுருங்கும், அதை வைத்து ஏமாற வேண்டாம்.

முன்பக்கம் என்னிடம் ஐந்தாறு வாரத்தில் முடிகிறது. பிட்டத்துக்கு நான்கு மாதம், சில நேரம் ஆறு. அரைவழியில் ஒரு வேலை செய்தால் அது விரைவுபடும். இரண்டாம் மாதம் பிட்டத்தை வெளியே எடுத்து, பாதி ஈரம் உலர்ந்ததும் சதைப்பக்கத்தைச் சீவுங்கள். தளர்ந்த நார் முதலில் தூசு தூசாக வரும். ஷெல் தொடங்கும் இடத்தில் மேற்பரப்பு திடீரென்று வழவழப்பாகி, மெழுகு தடவியது போல மின்னும். அங்கே நிறுத்துங்கள். அந்தப் படலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கொஞ்சம் ஆழமாகப் போனால் ஓட்டை இல்லாமலே ஷெல் காணாமல் போய்விடும். மேலிருந்த போர்வை விலகியதால் துவர் நேராக உள்ளே போகும். பிட்டம் திரும்பவும் கெட்டியான சாற்றுக்கு.

இந்த ஷெல்லிலிருந்து செய்வதைத்தான் கார்டோவன் என்கிறார்கள். பெயர் ஸ்பெயினின் கோர்தோபா நகரிலிருந்து வந்தது. அந்நகரம் இடைக்காலத்தில் புகழ்பெற்றது ஆட்டுத் தோலுக்கு, பெயர் பிற்பாடு குதிரைக்கு மாறியது. சிகாகோவில் 1905-இல் தொடங்கிய ஹார்வீன் தோல் ஆலை இன்றும் இதற்குக் குறைந்தது ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் பிட்டம் ஐந்தாம் மாதமும் பீப்பாயில் கிடந்தால் எதுவும் தவறிப்போகவில்லை.

எண்ணெயும் மெருகும்

பீப்பாயிலிருந்து எடுத்ததும் நன்றாகக் கழுவி, பலகையில் மயிர்ப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, மழுங்கிய பித்தளைத் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி நீரையும் சுருக்கத்தையும் வெளியேற்றுங்கள். முழுதும் உலர விடாமல், கையில் குளிர்ச்சி தெரியும் பதத்தில் எண்ணெய். ஈரம் வெளியேற வெளியேற எண்ணெய் அந்த இடத்தைப் பிடிக்கும். காய்ந்த தோலில் பூசினால் மேலேயே நிற்கும். முன்பக்கத்துக்கு மாட்டுக் கால் எண்ணெய் அல்லது மீன் எண்ணெய் மெல்லிய பூச்சாக ஒன்று போதும். நிழலில் உலர்த்தி, பாதி உலர்ந்ததும் மரத்தூணின் விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துத் துவளச் செய்யுங்கள். சட்டைக்கும் கையுறைக்கும் பைக்கும் ஏற்ற தோல் அது.

பிட்டத்துக்கு எண்ணெயோடு பாதிக்குப் பாதி கொழுப்பு உருக்கிச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் சதைப்பக்கத்தில் நான்கைந்து முறை தேய்க்கிறேன், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நாள். அதன்பின் பலகையில் விறைப்பாக ஆணியடித்து, பித்தளை ஆணியால்தான், இருட்டான குளிர்ந்த அறையில் மூன்று மாதம் மறந்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே ஒரு சீராகப் பரவ அவ்வளவு காலம் பிடிக்கிறது.

கடைசியாக மெருகு. சதைப்பக்கம்தான் இனி வெளிப்பக்கம். மயிர் வளர்ந்த பக்கம் உள்ளே போகும். ஷெல்லின் மேல் மிச்சமிருக்கும் தூசு நாரை மிகக் கூர்மையான கத்தியால் மழித்துவிட்டு, துளி எண்ணெய் தொட்டு, தடித்த கண்ணாடிப் பாட்டிலின் வளைந்த பக்கத்தால் உடல் எடை முழுவதையும் போட்டு ஒரே திசையில் தேயுங்கள். முதல் இருபது இழுப்பில் ஒன்றும் தெரியாது. அதன்பின் பாட்டில் போன தடம் கறுத்து, பக்கத்துத் தடத்தைவிட ஆழமாக ஒளிரத் தொடங்கும். மடக்கிப் பார்த்தால் நுண் சுருக்கம் விழாது; அலை போல உருண்டு வளைந்து, விட்டதும் நேராகும். என் இரண்டாவது வயிற்றுவார் அப்படி ஒரு பிட்டத்திலிருந்து வெட்டியது, எட்டு ஆண்டுகளாகக் குதிரையின் வியர்வையில் கிடக்கிறது, தையல்தான் இருமுறை மாற்றியிருக்கிறேன்.